கேப்டன் கொண்டுவந்த கோடாலித் தைலம்

"செவ்வாய்க் கிரகத்துல ஏதுளா கோடாலித் தைலம்?"

ஹமீது பீவி கேட்டதும், பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஷம்ஸியா புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். மேலப்பாளையத்தில் ஆபிதா வீட்டு முற்றத்தில் அவள் கதை வாசிப்பாள். மற்றவர்கள் அவள் பங்குக்கும் சேர்த்துச் சுற்றிவிடுவார்கள். 'செவ்வாயில் ஒரு வாசல்' தொடரின் ஐந்தாம் பாகம், கடைசிப் பாகம், இப்போதுதான் முடிந்திருந்தது.

"எழுதினவரு அப்படி எழுதியிருக்காரு மாமி. நான் என்ன செய்ய?"

"நல்லாத்தான்ளா கொண்டுபோனான். அந்தப் புழுதிப் புயலு, எந்திரப் பொம்பள அழத் தெரியாம முழிக்குதது... எனக்குக் கை ஓடல. வில்லனப் பொசுக்குன்னு கொன்னுட்டான், அதுகூடப் போவுது. ராக்கெட்டு ஒடஞ்சி, மூச்சுவிடக் காத்தில்லாமக் கெடந்த கேப்டன், அடுத்த பக்கத்துல பெட்டியோட வீட்டு வாசல்ல வந்து நிக்கான்! சென்ட்டு, டேப்ரிக்கார்டர், கோடாலித் தைலம்! நாலு பாகத்த மூளைய வச்சு எழுதினவன் இத எத வச்சு எழுதுனான்?"

மறுபடியும் சிரிப்பு. ஆபிதா மட்டும் சிரிக்கவில்லை. குவைத்தில் சண்டை மூண்டதிலிருந்து அங்கே வேலை பார்க்கும் அவள் கணவன் ஹாஜாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"எனக்கு இந்தக் கடைசி அத்தியாயம்தான் மாமி பிடிச்சிருக்கு" என்றாள் ஆபிதா. "போனவங்க திரும்பி வரணும்லா?"

பீடி இலை வெட்டிய கத்தரிகள் ஒரு கணம் நின்றன. ஹமீது பீவிதான் சட்டென்று சமாளித்தாள்.

"வரட்டும், வரட்டும். வரும்போது எனக்கும் ஒரு குப்பி தைலம் கொண்டாரச் சொல்லு. முட்டு வலி தாங்கல!"

பெண்கள் பீடித் தட்டுகளோடு கலைந்தார்கள். ஷம்ஸியாவும் எழுந்தாள்.

"புத்தகத்தக் குடுங்க லாத்தா. லைப்ரரில நானே குடுத்துடுதேன்" என்று ஆபிதா கை நீட்டினாள்.

ஷம்ஸியா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உனக்கு எதுக்குளா அலைச்சல்? எனக்குப் போற வழிதான்."

"அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் ஒருவாட்டி பாத்துட்டு..."

"அது... அது கிழிஞ்சிருக்குளா! எழுத்தும் சரியாத் தெரியாது."

"கிழிஞ்ச பக்கத்தயா இம்புட்டு நேரம் தடங்கலில்லாம வாசிச்சீங்க?"

ஷம்ஸியாவுக்கு முகம் வெளுத்தது. ஆபிதா அவள் தோளைத் தொட்டுச் சிரித்தாள்.

"நேத்து நீங்க இங்கன வச்சிட்டுப் போனப்பவே படிச்சிட்டேன் லாத்தா. அதுல கேப்டன் செவ்வாயிலயே மூச்சடங்கி மவுத்தாயிடுதாரு. நீங்க சொன்ன முடிவுதான் சரி. அந்தப் பெட்டியையும் தைலத்தையும் மட்டும் எடுத்துடுங்க. அவரு வெறுங்கையோட வந்தாலே போதும்!"