மாமிக்கு மீனில்லை

நீங்களே சொல்லுங்கோ, கடற்கரையிலை பிறந்து வளர்ந்த மனிசிக்கு மீனில்லாமல் சோறு போடலாமோ?

குருநகரில் சிசிலியா இந்தக் கேள்வியைக் கேட்காத வீடில்லை. அடுத்த வீட்டு யசிந்தா தன் மாமி மரியநாயகிக்கு நாள் தவறாமல் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும்தான் போடுகிறாளாம். சண்டையால் கடலுக்குப் போகத் தடை, மீன் கிடைப்பது அரிதுதான். ஆனால் அவள் குசினியிலிருந்து மீன் மணம் வேலிக்கு மேலால் வருகிறதே, அது ஆருடைய வயிற்றுக்குப் போகிறது?

"மாமிக்கு ஆட்டுக்குப் போடுறமாதிரிக் குழை. மீன் முழுக்கத் தனக்கு" என்று சந்தையடியில் வைத்தே சொன்னாள். அவள் கட்டின கதையல்ல. மாமிக்காரியே வேலியடியில் நின்று சொல்லி அழுதது.

அதைவிடச் சிசிலியாவுக்குப் பொறுக்காதது யசிந்தாவின் பக்தி. முப்பது வருஷமாகக் கோயிலில் தேவமாதா பிரார்த்தனையைப் புத்தகம் பாராமல் முன்னுக்குச் சொல்வது மரியநாயகிதான். இப்போது சில மாதமாக மருமகளும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்து வாயை முணுமுணுக்கிறாள். செபமாலை உருட்டுற கையாலைதான் மாமியின்ரை மீனையும் உருட்டுறாள் என்று சிசிலியா நொடித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஒரு சட்டி பாரைமீன் குழம்போடு யசிந்தா வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனாள். மனிசி சாப்பிடவேணும், மருமகள் பார்த்து வெட்கப்படவேணும்.

உள்ளே மரியநாயகி சாப்பிட்டு முடித்திருந்தாள். சோத்துக் கோப்பை ஓரத்தில் மீன்முள் குவிந்து கிடந்தது.

கையைக் கழுவிவிட்டு அவள் சிசிலியாவைப் பார்த்தாள்.

"வா பிள்ளை. நான் மீன் வாயிலை வைச்சு மாசக்கணக்கு. உவள் குழைதான் போடுறாள்."

கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லுகிற முகமில்லை.

யசிந்தா சிசிலியாவைக் குசினிக்குள் கூட்டிப்போய், அரிந்து வைத்த வாழைக்காயைக் காட்டினாள். காற்றுப்பட்ட துண்டு கறுத்திருந்தது. எலுமிச்சை மாதிரித் தேசிக்காய்ப்புளி பிழிந்துவிட்ட துண்டு வெள்ளையாகவே இருந்தது. மூளையில் ஞாபகத்தைக் கொண்டோடுகிற சாரமும் இப்படித்தான் கெட்டுப்போகுமாம், பச்சை இலையிலுள்ள சத்து அதற்குத் தேசிக்காய்ப்புளி மாதிரியாம். போனது திரும்பாது, இருக்கிறது கொஞ்சம் நிற்கலாம், கொடுத்துப் பார் என்றாராம் மருந்து குடுக்கிற அப்போதிக்கரி ஐயா. அதனால் மீனோடு தினமும் இலையும். மாமிக்கு வல்லாரைக் கசப்பு மட்டும் நினைவில் நிற்கிறது, மீன் நிற்பதில்லை. பிரார்த்தனையிலும் அடுத்த அடி தவறிவிடும். எடுத்துக் கொடுக்கத்தான் பக்கத்தில் இருப்பது.

சிசிலியாவின் கையில் சட்டி கனத்தது. இப்பவே போய் எல்லாரிட்டையும் மாத்திச் சொல்லுறன் என்று படலைப் பக்கம் திரும்பினாள்.

யசிந்தா கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா. மறதியெண்டு தெரிஞ்சால் பிரார்த்தனையை வேறை ஆளிட்டைக் குடுத்துப்போடுவினம். அவவுக்கு மிஞ்சியிருக்கிறது உது ஒண்டுதான். நான் மீன் குடுக்கிறேல்லை எண்டே சொல்லிக்கொண்டிருங்கோ."