ஜன்னல் கம்பியும் கீரையும்

வெல்டர் ஜன்னலின் மேல்சட்டத்தில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி அடங்கியது. நூலும் கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் நேராக நின்றன.

“பாத்துக்கோங்க மொதலாளி. இதுக்கு மேல நேரா வேணும்னா கடவுள்தான் வந்து பத்த வைக்கணும்.”

“எனக்கும் நேராத்தான்யா தெரியுது,” என்றார் இரும்புக்கடைக்காரர். “ஆனா என் கண்ணை வச்சு நான் என்ன பேச முடியும்? அதுக்குத்தான் டாக்டர் தினமும் கீரை தின்னச் சொல்லியிருக்காரே. வளைஞ்சிருக்குன்னு சொன்னது என் வீட்டுக்காரி. அவ கண்ணு பொய் சொல்லாது.”

அந்தச் சமையலறை ஜன்னலுக்கு இது மூன்றாவது கம்பி. முதல் இரண்டும் அவள் சொல்லித்தான் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்தன.

அடுப்படியிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தாள். “விடுங்களேன். அப்ப ஏதோ சொல்லிட்டேன். இது நேராத்தான் இருக்கு.”

“பாத்தியா, உனக்காகப் பாவம் பாக்குறா,” என்றார் கடைக்காரர் வெல்டரிடம். வாங்குகிறவர் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் சரக்கில் குறை இருக்கிறது என்று அர்த்தம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவருக்கு இதுகூடத் தெரியாதா?

சாட்சியும் அவர் கைவசம் இருந்தது. காலையில் எழுந்ததும் அவள் அந்த ஜன்னல் முன்னால் போய் நிற்பாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பியைப் பார்ப்பாள், பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள்.

கடையில் கம்பிக்கு நெளிவு பார்ப்பதும் ஒரு கண்ணை மூடித்தான். இத்தனை வருடம் இரும்போடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

வெல்டர் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். கடைக்கு ஷட்டர் வைத்த நாளிலிருந்து கூடவே இருப்பவர் அவர். “இன்னொரு தடவை வளைஞ்சிருக்குன்னு சொன்னீங்கன்னா, உங்க கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மத்தியானம் கீரை. நேற்றும் கீரைதான். அதற்கு முந்தின நாள் பூசணியும் கேரட்டும் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தன. தட்டில் பச்சையாக எது விழுந்தாலும் அது ஆட்டுக்குச் சேர வேண்டியது என்ற கொள்கை உடையவர் கடைக்காரர்.

“வாரத்துல ரெண்டு நாள்னு வச்சுக்கலாமே.”

“தினமும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“சரி, மூணு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“சாப்பிடுங்க. நானும் இதைத்தானே சாப்பிடுறேன்.”

அங்கேதான் அவர் மடங்கிப்போவார். தனக்காக ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எந்த முகத்தோடு பேரம் பேசுவது?

எல்லாம் அவர் படிக்கிற கண்ணாடி வாங்கப் போனதில் வந்த வினை. ஒரு ஃபீஸுக்கு இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடமே பேசி, கூட வந்தவளையும் உள்ளே அனுப்பிவைத்தார். அவள் வெளியே வந்ததும், “உங்களுக்குத்தான் கீரை சொல்லியிருக்கார்,” என்றாள்.

“அதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

“உங்ககிட்டச் சொன்னா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்கன்னு நான்தான் அவர்கிட்டச் சொல்லி வச்சேன்.”

மச்சினிச்சிக்கு ஊசி போட்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் சரிந்தவர் அவர். அதனால் அதை அப்படியே நம்பிவிட்டார்.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் போதும். கீரையும் நிற்கும், கம்பி நேர்தான் என்று தானே தீர்ப்புச் சொல்லி வெல்டரையும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

“ஒரு ஃபீஸுக்கு ரெண்டு பேரைக் காட்டினவர்தானே நீங்க?” டாக்டர் மறக்கவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, விளக்கடித்து, இரண்டு கண்களையும் உற்றுப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையே. அந்தப் படிக்கிற கண்ணாடியே போதும்.”

“அப்ப கீரையை நிறுத்திடலாமா?”

“எந்தக் கீரையை?”

“நீங்க சொன்னதுதான். தினமும் கீரை, நடுநடுவுல மஞ்சளா ஒரு காய். போன பார்வை அதால திரும்பி வராது, இருக்கிறது சீக்கிரம் போயிடாம இருக்க உதவும்னு சொன்னீங்களாமே.”

“உங்ககிட்ட நான் கீரைங்கிற பேச்சே எடுக்கலையே.”

கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். தினமும் என்பதே மனைவி ஏற்றிவைத்த விலை போலிருக்கிறது. “அப்படிப் போடுங்க. பாவம், எனக்குத் துணைக்குன்னு அவளும் அதையே தின்னுட்டு இருக்கா.”

“சாப்பிடுறாங்க இல்ல? நல்லது.”

டாக்டர் விளக்கை அணைத்தார். கடைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சாய்மானத்தை மெதுவாகப் பின்னால் இறக்கி, தலைக்கு அணைவாக ஒரு கையை வைத்துக்கொண்டார்.

“தினமும் பாக்கச் சொன்னேனே, அந்த ஜன்னல் கம்பி அவங்களுக்கு இன்னும் வளைஞ்சுதான் தெரியுதா?”