ஒரு சாண் கீறல்

"பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா வேற கடைக்குப் போயிடுறேன் பாய்!"

காரை விட்டு இறங்கும்போதே செம்பியன் கறாராகச் சொல்லிவிட்டார். பானெட் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த ஹுமாயூன் நிமிர்ந்தார்.

"பெயிண்ட் கடைக்கு வந்து பெயிண்ட் வேணாம்ன்றீங்க. சலூனுக்குப் போயி முடி வெட்டாதன்னு சொல்லுவீங்களா அண்ணே?"

"கீறல் அப்படியே இருக்கணும். மழை வந்தா துரு மட்டும் ஏறக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஹுமாயூன் காரைச் சுற்றி வந்தார். கருநீலக் கார். அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. இடது பக்கப் பின்கதவில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். அதுவும், அதைச் சுற்றி நாலு விரல் அகலமும் புழுதி மூடிக் கிடந்தன.

"இந்த இடத்தை மட்டும் கழுவறதே இல்லையா?"

"நாலு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி பட விடலை."

"ரப்பிங் போட்டுப் பாலீஷ் பண்ணா பாதி மறைஞ்சிடும்."

"மறையக் கூடாது."

"செலவு ஜாஸ்தின்னு பாக்குறீங்களா? ஸ்டிக்கர் ஒட்டிடலாம். புள்ளைங்க பேரு, சாமி பேரு..."

"சாமியே வந்தாலும் இதை மறைக்க விடமாட்டேன்!" செம்பியன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது யாரு வண்டி உரசுனதுன்னு தெரியுமா? அமைச்சர் வண்டி!"

நாலு மாதத்துக்கு முன் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கல்யாணம். சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட தெருவில், அமைச்சரின் வெள்ளைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, நிறுத்தியிருந்த கார்களை நெருக்கியடித்துப் போனது. செம்பியன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் புழுதி படிந்த கதவில் கோடு. வேறு யாராவதாக இருந்தால் வாயில் வந்தபடி திட்டியிருப்பார்கள். செம்பியன் கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளே அவர் குடியிருக்கும் செம்மண்டலம் முழுக்கச் செய்தி பரவியது. அதுவரை அவரை நிற்க வைத்துப் பேசிய அதிகாரிகள் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"இந்தப் புழுதிகூட அமைச்சர் வண்டி கெளப்புனது பாய். நாளைக்குக் காலைல கட்சிப் பார்வையாளர் சுப்பராயலு ஐயா வீட்டுக்கு வர்றாரு. கவுன்சிலர் சீட்டு யாருக்குன்னு அவுருதான் முடிவு பண்ணப்போறாரு. எனக்கும் கொளஞ்சியப்பனுக்கும் போட்டி. அவன் அமைச்சரோட நிக்கிற போட்டோ வெச்சிருக்கான். போட்டோவை கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம். கீறலை ஒட்ட முடியுமா?"

"சுப்பராயலு ஐயாவா வர்றாரு?" ஹுமாயூன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஆமா. அவுரு கார் பம்பர்லயும் ஒரு கோடு இருக்குதே, பாத்ததில்லையா? தலைவர் வேன் உரசுனது. அதைக் காட்டித்தான் பதவியே வாங்குனாரு. கீறலோட அருமை அவுருக்குத் தெரியும்."

"வீட்டுல என்னா சொல்றாங்க?"

"எழிலரசிக்கு அரசியல் ஞானமே கெடையாது. அன்னையிலேருந்து பெயிண்ட் அடி, பெயிண்ட் அடின்னு உயிரை எடுக்குறா. ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், மாப்ள வீட்டுக்காரங்க பாத்தா என்னா நெனப்பாங்கன்றா. அடிச்சிட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"சரி, மேலாக கண்ணாடி மாதிரி லாக்கர் பூச்சு அடிச்சிடலாம். அதுக்கு நெறம் கெடையாது, துருவும் புடிக்காது. ஆனா புழுதி மேல லாக்கர் நிக்காது அண்ணே. தொடைச்சே ஆவணும்."

செம்பியன் மனசே இல்லாமல் தலையாட்டினார். ஹுமாயூன் ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். நாலு மாதப் புழுதி துணியோடு வந்தது. கீறல் பளிச்சென்று தெரிந்தது.

பச்சை. நல்ல கிளிப்பச்சை.

"அமைச்சர் வண்டி வெள்ளையாச்சே அண்ணே?"

செம்பியன் குனிந்து கீறலை விரலால் தேய்த்துப் பார்த்தார். அதற்குள் செல்போன் அடித்தது. எழிலரசி.

"என்னாங்க, வேலை முடிஞ்சுதா? அந்தப் பச்சை ஒரு பொட்டுகூட இல்லாம போயிடுச்சில்ல?"

"நாலு மாசமா புழுதி மூடிக் கெடக்குது. பச்சைன்னு உனக்கு எப்படிடீ தெரியும்?"

மறுமுனையில் எழிலரசியின் குரல் தாழ்ந்தது.

"கல்யாணத்தன்னிக்குக் காலைல, நீங்க குளிக்கப் போனப்ப, ஓட்டிப் பழகலாம்னு வண்டிய எடுத்தேங்க. நம்ம வீட்டு கேட்டு ரொம்பக் குறுகலு. அதுக்குப் போயி கிளிப்பச்சை அடிக்காதீங்கன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

செம்பியன் போனை அணைத்தார். நாளைக் காலை சுப்பராயலு, வீட்டு வாசல், அந்தக் கிளிப்பச்சை கேட். மூன்றும் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஹுமாயூன் காதருகே குனிந்தார்.

"பாய், பச்சையை மட்டும் சுரண்டிட்டு, அந்த எடத்துல லேசா வெள்ளை வெச்சிடுங்க. உரசுன மாதிரியே இருக்கணும். ஆனா விஷயம் வெளியில போவக் கூடாது."

ஹுமாயூன் அதிரவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய், ஏற்கெனவே கலந்து வைத்திருந்த ஒரு சின்ன டப்பாவோடு திரும்பி வந்தார்.

"போவாது அண்ணே. சுப்பராயலு ஐயா வருஷா வருஷம் வந்து பம்பர் கோட்டுக்கு இதே வெள்ளையைப் புதுப்பிச்சுக்கிட்டுப் போறாரே, அது வெளியில போச்சா?"