பெட்டர்

“இன்னிக்கு எப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“பெட்டர்” என்றார் கட்டிலில் இருந்தவர்.

“பலே, தெளிவாப் பேசுறாரே.”

“அட, நீங்க வேற டாக்டர்” என்று அலுத்துக்கொண்டார் அவருடைய அண்ணன். “அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேற எதுவும் வரல. சோபா கடையில சேல்ஸ்மேன். ‘அதைவிட இது பெட்டர் சார்’னு நாள் முழுக்கச் சொன்ன வாய். பக்கவாதத்துல மத்ததெல்லாம் போயி, அது மட்டும் ஒட்டிக்கிச்சு. பசின்னாலும் பெட்டர், வலின்னாலும் பெட்டர். வீட்டுல வச்சு யாரு பாக்குறது? காப்பகத்துல விட்டுடலாம்னு இருக்கேன்.”

கட்டிலில் இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பெட்டர்” என்றார், மெதுவாக.

“காப்பகம் வேண்டாங்கிறார்” என்றாள், ஜன்னலோரம் ஒதுங்கி நின்றிருந்த அவர் மனைவி.

“அதை நீ சொல்றியாம்மா?” என்று அண்ணன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“பெ...ட்டர்” என்று இழுத்தார் அவர். அவள் போய் ஃபேனைக் குறைத்தாள்.

“பெட்டர், பெட்டர்” என்று படபடத்தார். மரத்துப்போன காலுக்கு அடியில் தலையணையை நகர்த்தி வைத்தாள். அவர் முகம் இளகியது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நோயாளி அண்ணனை ஏற இறங்கப் பார்த்து, நிதானமாக, “பெட்டர்” என்றார். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“அதை நான் சொல்ல மாட்டேன் டாக்டர். அண்ணன் கோவிச்சுக்குவார்.”

கட்டிலில் இருந்தவர் குலுங்கிச் சிரித்தார்.

“காப்பகமெல்லாம் தேவையே இல்லை” என்றார் டாக்டர். “வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. பயிற்சி குடுத்தா மத்த வார்த்தையும் மெல்ல வரும். அது சரி, இப்படிப் புரிஞ்சு வச்சிருக்கீங்களே, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்மா ஆச்சு?”

அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“திங்கட்கிழமை ஒரு வீல் சேர் கிடைக்குமா டாக்டர்? இவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“கோர்ட்டுக்கா? எதுக்கு?”

“பெட்டர்” என்று முந்திக்கொண்டார் அவர்.

“நீங்க சும்மா இருங்க, நானே சொல்றேன்” என்று அவரை அதட்டிவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“எங்க விவாகரத்து கேஸ். இவர் பேசுறது எதுவுமே எனக்குப் புரியலைன்னு நான்தான் போட்டேன். வாபஸ் வாங்கணும்.”