தரை தெரிந்த தண்ணீர்

முழங்கால் அளவுதானே என்று மாயகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகிலிருந்து கடலில் குதித்துவிட்டான்.

ரெண்டு ஆள் ஆழம் என்று படகுக்காரர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கரிசல்காட்டுக்காரன் காதில் அது ஏறவில்லை. அவன் ஊர்க் கண்மாய்த் தண்ணீர் எப்போதும் கலங்கல்தான். தரை கண்ணுக்குத் தெரிந்தால் அது முழங்காலுக்கு மேல் போகாது.

இங்கேயோ பவளப்பாறை கிளை கிளையாய்த் தெரிந்தது. கீழே வெயில் மீன்வலை மாதிரி விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. கையை விட்டால் தொட்டுவிடலாம் போல் தரையே மேலேறி வந்து நின்றது. போதாததற்குப் பெண்டாட்டி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் தரையைத் தொடவே இல்லை.

படகுக்காரர் கயிற்றைத் தேடுவதற்குள் வெயிலம்மாள் குதித்துவிட்டாள். கட்டிக்கொண்டு மூன்று வருஷமாகியும் அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. பிறந்த வீட்டுக் கிணற்றில் பழகியதாம்.

அவள் வந்து அவன் தலைமுடியைப் பிடித்தாள். அவன் அவள் தோளில் ஏறி மிதித்தான். அவள் பாறையில் போய் மோதினாள்.

அவளுடைய சிவப்புச் சேலை தண்ணீருக்குள் நிறம் செத்துக் கறுத்திருந்தது. நெற்றியிலிருந்து கிளம்பியதும் கரும்புகையாகத்தான் தெரிந்தது. படகுக்காரர் கயிறு போட்டு இருவரையும் படகில் ஏற்றிய பிறகுதான் அது ரத்தமாய்ச் சிவந்தது.

ரத்தம் என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மிதித்தது அவளை என்று அவனுக்குத் தெரியும்.

ஊர் திரும்பும் வழியில் மணியாச்சியில் கோவில்பட்டி ரயிலுக்கு மாறி ஏறினார்கள். எதிரே ஊர்க்காரி பெத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெயிலம்மாளின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் பதறிப்போய் விசாரித்தாள்.

மாயகிருஷ்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லட்டும், ஊரே காறித் துப்பட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"நாந்தான் புத்திகெட்டுப்போயி கடல்ல எறங்கிட்டேன் சித்தி. இவியதான் குதிச்சுத் தூக்குனாவ" என்றாள் வெயிலம்மாள்.

பெத்தம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவமானத்தில் அவனுக்குக் கண் கலங்கியது. வாயைத் திறந்தான்.

"படகுக்காரரு அம்புட்டுச் சொன்னாரு சித்தி. இவ கேட்டாத்தான?"

படகிலிருந்து இறங்கியது முதல் வெயிலம்மாள் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.