குசினிக்குள் கால் வைக்காத பசிலியஸ்

"உந்த எழுத்தை மனிசர் வாசிக்கேலுமே? இஞ்ச, இது என்ன சொல்?"

"ஒய்கோஸ். கிரேக்கச் சொல். வீடு, காணி, அதில இருக்கிற சனம் எல்லாம் சேர்ந்த குடும்பம்" என்றாள் மரியமலர்.

பொனிபஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரல்களால் ஒய்கோஸைத் தட்டினார். அந்த மெரிலேண்ட்ஸ் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வந்து ஆறு மாதம். அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஞாயிறு பூசையால் வந்ததும் வராததுமாக மனைவி, தான் கையால் எழுதிய ஐந்து தாள்களை நீட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் கொடுக்க வேண்டுமாம். டைப் அடித்தால்தான் வாங்குவார்களாம்.

"இந்த ஒருக்காத்தான் அடிச்சுத் தருவன், மலர். அடுத்த டேர்ம் வகுப்பை நிப்பாட்டிப்போடும். ஐம்பது வயசில உமக்கென்னத்துக்குக் கிரேக்கச் சரித்திரம்? ஒவ்வொரு செவ்வாயும் நான் ஆறின சோறு தின்னுறன்."

"மைக்ரோவேவுக்குள்ள வைச்சிட்டுத்தானே போறனான்?"

"ஆர் அதை அமத்துறது?"

"சரி, முதல்ல இதை அடிச்சுத் தாங்கோ. பிறகு கதைப்பம்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லித் தட்டினார் பொனிபஸ்.

"'ஒய்கோஸின் தலைவர் பசிலியஸ்.' அது ஆர்?"

"சின்ன ராசா மாதிரி. அந்தக் காலத்தில ஊருக்கூர் இருந்தவையாம்."

"'பசிலியஸ் குசினிக்குள் கால் வைப்பதில்லை. உணவும் பானமும் அவர் இருக்கும் இடத்துக்கே வரும். பிந்தினால் அவருடைய குரல் வரும்.'" பொனிபஸ் தலையை ஆட்டினார். "சரியான சோம்பேறியள் போல. எங்க தேத்தண்ணி?"

மரியமலர் எழுந்து போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"'முன்பொரு காலம் தான் போட்ட சண்டையை அவர் எல்லோருக்கும் சொல்வார். ஒவ்வொரு முறையும் எதிரிகளின் தொகை கூடும்.'" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "புளுகன்! பெண்சாதி ஒண்டும் சொல்லமாட்டாளே?"

"அவ கேட்டுக்கொண்டு இருப்பா."

"'பாலங்ஸ் என்பது போர் வரிசை. ஒருவனுடைய கேடயம் பக்கத்தில் நிற்பவனையும் மறைக்கும். போர் இல்லாத நாளிலும் ஆண்கள் இந்த வரிசையைக் குலைப்பதில்லை. ஒருவன் வீட்டில் அகப்பட்டால் அடுத்தவன் கேடயத்தை நீட்டுவான்.' கள்ளக் கூட்டம்!"

தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மகேந்திரராஜா, அவரோடு சீட்டு விளையாடும் சிநேகிதர்.

"ஓம், ஓம். உம்மட மனிசி கேட்டா, நேற்று முழுக்க நீர் இஞ்சதான் நிண்டனீர் எண்டு சொல்லுறன். யோசியாதையும். என்ன, நாலு பேரோ? தாராளமா வாங்கோ."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். "அஞ்சு மணிக்கு நாலு பேர் வருகினம். ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொஞ்சம் பொரியும்."

"இப்பவே மூண்டு மணி."

"அப்ப கெதியாத் தொடங்கும்."

மரியமலர் கிழங்குச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு தோல் சீவினாள். அவருக்குச் சொல் விளங்காவிட்டால் யார் சொல்லிக்கொடுப்பது?

"'செனியா என்பது விருந்தோம்பல். வாசலுக்கு வந்தவரை ஏன் வந்தீர் என்று கேட்காமல் முதலில் சாப்பிட வைக்க வேண்டும். புகழ் பசிலியஸுக்கு. வேலை பெண்ணுக்கு.'" பொனிபஸ் மேசையில் தட்டினார். "இதென்ன நியாயம், மலர்? சமைக்கிறவளை ஒரு சொல்லுக் கேக்கிறேல்லையே?"

"கேட்டதா ஒரு இடத்திலயும் இல்லை."

கடைசித் தாளுக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"'ஹெலட் என்பவர் நிலத்தோடு கட்டுண்ட அடிமை. அவரை விற்க முடியாது. அவராலும் விட்டுப் போக முடியாது. இந்த ஒய்கோஸில் ஹெலட் ஒருவர்தான். அவர் சாப்பிட்டாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.'"

அவர் தட்டுவதை நிறுத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம். உவனோட எப்பிடித்தான் அந்த மனிசி இருந்தவள்?"

"பழகிப்போச்சுதாக்கும்."

"உப்பிடியானவனை நடு றோட்டில நிப்பாட்டிக் கேள்வி கேக்கவேணும்! மலர், நான் சொல்லுறன், நீர் உந்த வகுப்பை விடாதையும். அடுத்த டேர்மும் போம். உவங்கட வண்டவாளமெல்லாம் வெளியில வரவேணும். டீச்சரிட்டையும் சொல்லும், என்ர மனிசனுக்கு இதை வாசிச்சு நெஞ்சு பதறிப்போச்சு எண்டு."

"கட்டாயம் சொல்லுறன்."

"கீழ என்ர பேரையும் போடட்டே? டைப் அடிச்சது பொனிபஸ் எண்டு?"

"போடுங்கோ. உங்கட பேர் இருக்கிறது நல்லதுதான்."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டினார். மரியமலர் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தாளை நீட்டினாள்.

"இது முன்பக்கம். வகுப்பில தந்த கேள்வியையும் கட்டுரையின்ர தலைப்பையும் அடிக்கவேணும்."

அதையும் சொல்லிச் சொல்லியே தட்டினார் பொனிபஸ்.

"'கேள்வி: பழைய கிரேக்கச் சொற்களைப் பயன்படுத்தி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்தை விவரிக்கவும். தலைப்பு: எங்கள் வீடு.'"