கதவு காத்திருந்த ஆள்

அப்பாவின் காரியம் முடிந்த பின்னும் வீட்டுக் கதவு அவருக்காகக் காத்திருந்தது. வீட்டார் எல்லோரும் உள்ளே வந்தால்தான் அது பூட்டிக்கொள்ளும். விரலிலுள்ள மோதிர முத்திரையைப் பார்த்துத்தான் ஆளை அறியும். அவருடைய மோதிரமோ அவரோடு எரிந்துவிட்டது.

"பேரை எடுக்கணும்னா அப்பாவே நேர்ல வந்து சொல்லணுமாம்மா," என்று கதவுக் கம்பெனியோடு பேசிய போனை வைத்தாள் மகள் கயற்கண்ணி.

"சொன்னவனே போய்க் கூட்டிட்டு வரட்டும்!" என்றாள் அம்மா. எதிர்வீட்டில் நேற்றுதான் திருட்டு. இப்போதும் நடைவழியில் யாரோ ஒருவன் திறந்த கதவைப் பார்த்தபடியே நின்றான்.

கயற்கண்ணிக்குச் சுடுகாட்டில் அஸ்தி வைக்கும் சாம்பல் சுவர் நினைவுக்கு வந்தது. பழைய எகிப்து அதிகாரிகளுக்குச் செய்ததுபோல, இறந்தவர் பெயரும் பதவியும் பதித்த சுட்டமண் கூம்புகளை அங்கே செருகுவார்கள். கூர்முனை சுவருக்குள், எழுத்துள்ள வட்டமுகம் வெளியே. ஒருவருக்கே பல கூம்புகள். அப்பாவுக்கு, எரியூட்டும் முன் அவருடைய மோதிரத்தையே ஈரமண்ணில் அழுத்தியிருந்தார்கள். மிஞ்சிய ஒன்று அலமாரியில் துணிசுற்றிக் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். அந்த ஆள் ஓரடி முன்னே வந்தான்.

"அப்பா, உள்ள வாங்க," என்று கூம்பின் முகத்தைக் கதவுக்குக் காட்டிவிட்டுப் படி தாண்டினாள்.

"வட்டாட்சியர் இளம்பரிதி வந்துவிட்டார்," என்றது கதவு. பூட்டிக்கொண்டது.

அம்மா கூம்பை வாங்கி அவர் நாற்காலியில் வைத்தாள். அது வீட்டுக்குள் இருக்கும்வரை கதவு பூட்டும்.